திரைக்குள் ஓடும் நிழல்கள்: விளையாட்டுத் திரைகளின் குறைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு



பெற்றோர் சந்திப்பு நாள்களில் முன்பெல்லாம் வாய்பாடு, கையெழுத்து, வாசிப்பு ஆகியவற்றைப் பற்றியே பேச்சு நிகழும். அண்மைக் காலமாக அவற்றோடு கணினித் திரையும் சேர்ந்துகொண்டுள்ளது. "விளையாடும்போது படம் கிழிகிறதாம், ஓடுகிற ஆளுக்குப் பின்னால் நிழல் ஓடுகிறதாம். புதுத் திரை வேண்டும் என்று பையன் நச்சரிக்கிறான் ஐயா. உண்மையாகத்தான் சொல்கிறானா?" என்று கேட்கும் பெற்றோரைச் செமினியில் பலமுறை சந்தித்துள்ளேன்.

பெரும்பாலும் பையன் உண்மையைத்தான் சொல்கிறான் என்பதே என் விடை. ஆனால், புதுத் திரை வாங்கினால் குறை தீர்ந்துவிடும் என்று அவன் நம்புவது எப்போதும் உண்மையாவதில்லை. திரை தோன்றிய நாள்முதல் குறையற்ற திரை என ஒன்று இருந்ததே இல்லை. ஒரு குறையைப் போக்கக் கண்டுபிடித்த வழியே அடுத்த குறைக்கு வித்தாகி வந்திருக்கிறது. அந்த வரலாற்றை அறிந்தால், எந்தக் குறைக்குப் பணம் செலவிட வேண்டும், எதை ஓர் அமைப்பை மாற்றிச் சரிசெய்யலாம், எதற்காகப் பிள்ளையை உடனே திரையை விட்டு எழுப்ப வேண்டும் என்பது தெளிவாகும்.

ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினண்ட் பிரௌன் 1897-ஆம் ஆண்டு உருவாக்கிய கதிர்க்குழாயிலிருந்து தொடங்குவோம். குழாயின் ஒரு முனையிலிருந்து புறப்படும் எலெக்ட்ரான் கற்றை மறுமுனையில் பூசப்பட்ட பாஸ்பர் எனும் பொருளின்மீது மோதும். மோதிய இடம் ஒளிரும். கற்றை நகர்ந்த பின்னும் அந்த ஒளி சட்டென்று அணையாது. எவ்வளவு நேரம் மிஞ்சி நிற்கும் என்பது பாஸ்பரின் வகையைப் பொறுத்தது. விளையாட்டுத் திரையின் முதல் குறை இந்த எச்ச ஒளியில்தான் பிறந்தது.

1962-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பி.டி.பி-1 என்ற கணினிக்காக 'ஸ்பேஸ்வார்' எனும் விளையாட்டு எழுதப்பட்டது. இரு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும். அந்தக் கணினியின் வட்டத் திரையில் இருந்தது ராடார் கருவிகளில் பயன்பட்ட பாஸ்பர். முதலில் நீலமாகப் பளிச்சிட்டு, பின்னர் மஞ்சள் கலந்த பச்சையாக நெடுநேரம் மங்கிக்கொண்டிருக்கும் இயல்புடையது. ஆதலால் கலம் செல்லும் வழியெல்லாம் பச்சைத் தடம் ஒன்று பின்தொடரும். கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் மீட்டெடுத்து ஓடவிட்ட பி.டி.பி-1 கணினியில் அந்தத் தடத்தை நம் தலைமுறையினரும் பார்க்க முடிந்தது. இன்றைய மாணவன் 'கோஸ்டிங்' என்று முறையிடும் பேய்நிழலுக்கு அதுவே மூத்த அண்ணன் எனலாம்.

பாஸ்பர் விரைவில் அணைந்தால் நிழல் இராது அல்லவா? உண்மைதான். ஆனால் அப்போது படம் சிமிட்டத் தொடங்கும். சிமிட்டாமல் இருக்க வேண்டுமானால் படத்தை நொடிக்குப் பலமுறை திரும்பத் திரும்ப எழுத வேண்டும். எத்தனை முறை? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை கண் மருத்துவரிடமிருந்து வரவில்லை, மின்நிலையத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் மின்னோட்டம் நொடிக்கு 60 சுழற்சி. ஐரோப்பாவிலும் பிரிட்டிஷாரின் மலாயாவிலும் 50. தொலைக்காட்சியின் வேகம் மின்னோட்டத்தோடு ஒத்துப்போகாவிட்டால் படத்தின்மீது மங்கலான பட்டை ஒன்று ஊர்ந்துகொண்டே இருக்கும். அதைத் தவிர்க்கவே அங்கே 60, இங்கே 50 என முடிவாயிற்று. இன்று கடையில் விற்கும் சாதாரணக் கணினித் திரையின் '60 ஹெர்ட்ஸ்' அந்த அமெரிக்க மின்னோட்டத்தின் எச்சமே.

நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் தொடங்கியது. சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1978 டிசம்பர் 28-இல், வண்ண ஒளிபரப்பு வந்தது. 625 வரிகள், நொடிக்கு 50 அரைப்படங்கள், பால் எனும் வண்ண முறை. அரைப்படம் என்று சொன்னேன். முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள் எனப் பின்னிப் பின்னி எழுதுவார்கள். அலைவரிசையைச் சிக்கனப்படுத்த வந்த வழி இது. அதன் விலையாக மெல்லிய கிடைக்கோடுகள் நடுங்கின. செய்தி வாசிப்பவரின் கோடுபோட்ட சட்டை கொதிப்பது போலத் தெரிந்ததைச் சற்று வயதான வாசகர்கள் நினைவுகூரலாம்.

அந்த 50-க்கும் 60-க்கும் இடையிலான பிணக்கு இன்னும் ஓயவில்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து வீட்டிலிருந்தே கற்பிக்கத் தொடங்கியபோது, நம்முள் பலரின் முகத்தின்மீது கரும்பட்டைகள் ஊர்ந்தனவே, நினைவிருக்கிறதா? நம் விளக்குகள் 50 சுழற்சி மின்னோட்டத்தில் எரிகின்றன. கேமராவோ 60-க்கு அமைக்கப்பட்டிருந்தது. அமைப்புகளுக்குள் சென்று 60-ஐ 50 ஆக்கியதும் பட்டை மறைந்தது. கேமராவை மாற்றத் தேவையிருக்கவில்லை.

விளையாட்டுகளுக்கு வருவோம். நிண்டெண்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம் கருவி 1983 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்தது. ஜப்பானியத் தொலைக்காட்சி அமெரிக்க முறையைப் பின்பற்றியது. எனவே விளையாட்டுகள் நொடிக்கு 60 படம் என்ற கணக்கில் எழுதப்பட்டன. அவற்றை 50 உள்ள நாடுகளுக்குக் கொண்டுவந்தபோது பலவற்றைத் திருத்தாமலே விற்றனர். விளைவு, ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தது. மேலும் கீழும் கரும்பட்டைகள் விழுந்தன. 1991-இல் வந்த 'சோனிக்' என்ற விளையாட்டில் வேகமே உயிர். அதுவும் 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் மெதுவாகத்தான் ஓடியது, இசையும் இழுத்தது. மலேசியக் கடைகளிலோ ஜப்பானியக் கருவிகளும், மைக்ரோ ஜீனியஸ் போன்ற தைவான் கருவிகளும் கலந்தே கிடைத்தன. முறை பொருந்தாத தொலைக்காட்சியில் செருகினால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், இல்லையேல் உருளும். தொலைக்காட்சி பழுது என்று பழுதுபார்ப்பவரிடம் தூக்கிச் சென்றாலும் பழுது கிடைத்திருக்காது.

அதே காலத்துக் குறை இன்னொன்றும் உண்டு. எதிரிகள் பலர் ஒரே வரிசையில் வந்துவிட்டால் உருவங்கள் மினுங்கி மினுங்கி மறையும். இதற்கும் திரைக்கும் தொடர்பில்லை. ஃபேமிகாமால் ஒரு கிடைவரியில் எட்டு நகரும் உருவத் துண்டுகளை மட்டுமே காட்ட முடியும். ஒன்பதாவது வந்தால் ஏதேனும் ஒன்று விடுபட வேண்டும். ஒரே உருவம் நிலையாக மறைவதைவிட எல்லாம் முறைவைத்து மினுங்குவதே மேல் என்று விளையாட்டை எழுதியவர்கள் முடிவு செய்தனர். திரையில் தெரியும் குறையெல்லாம் திரையின் குறையல்ல என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இங்கே செமினிக்காரர்களுக்காக ஓர் இடைச்செருகல். காஜாங்கிலிருந்து நம் ஊர் வழியாகச் சிரம்பானுக்குச் செல்லும் பழைய கூட்டரசுச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனைக்குப் பக்கத்தில் பண்டார் பாரு பாங்கியில் சோனி நிறுவனத்தின் தொலைக்காட்சித் தொழிற்சாலை. மறுமுனையில் சிரம்பானை அடுத்த துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டையில் சாம்சங் நிறுவனம் கதிர்க்குழாய்களை உற்பத்தி செய்தது. இன்று அந்நிறுவனம் அங்கே மின்கலங்களைச் செய்கிறது. ஷா ஆலாமிலோ மட்சுஷிதா தொலைக்காட்சிகளையும், தைவானின் சுங்குவா நிறுவனம் படக்குழாய்களையும் செய்தன. ரப்பர்த் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பெண்கள் பலர் இத்தகைய மின்னணுத் தொழிற்சாலைகளின் பேருந்துகளில் விடியுமுன் ஏறிச் சென்றவர்கள். உலகெங்கும் பிள்ளைகள் விளையாடிய திரைகளில் ஒரு பகுதி கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அதன் விளிம்பிலும் உருவானதே. திரையின் வரலாறு யாரோ ஒருவருடையது என்று நம் மாணவர்கள் எண்ண வேண்டியதில்லை.

கதிர்க்குழாய்க்கு இன்னொரு நோயும் இருந்தது. ஒரே படம் நெடுநாள் ஓரிடத்தில் நின்றால் அவ்விடத்துப் பாஸ்பர் தேய்ந்துபோகும். 1980-இல் வந்த 'பேக்-மேன்' பொறிகளை அணைத்த பின்னும் அதன் வழிப்புதிர்ச் சுவர்கள் கண்ணாடியில் தழும்பாகத் தெரிந்தன. இந்தத் தழும்பைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். பின்னர் மீண்டும் வரும்.

இதுவரை சொன்னவை கண்ணுக்கு உறுத்தல் தருபவை மட்டுமே. உடலுக்கே ஊறு செய்யும் குறை ஒன்று உண்டு. 1997 டிசம்பர் 16-ஆம் நாள் மாலை, ஜப்பானில் 'போக்கிமான்' தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்பானது. அதில் வெடிப்பைக் காட்ட, சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை என்ற வேகத்தில் சில நொடிகள் மாறி மாறிப் பளிச்சிட்டன. அன்றிரவு ஏறத்தாழ 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். சிலருக்கு வலிப்பு, சிலருக்குத் தலைசுற்றலும் வாந்தியும். தொடர் சில மாதங்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. ஒளிபரப்பில் பளிச்சிடலுக்குக் கட்டுப்பாடுகள் வகுக்கப்பட்டன. 2005-இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வழிகாட்டுதலை வெளியிட்டது. அறையில் விளக்கை எரியவிட்டு, திரையிலிருந்து விலகி அமர்ந்து பாருங்கள் என்று ஜப்பானியக் கேலிச்சித்திரத் தொடர்களின் தொடக்கத்தில் வரும் அறிவிப்பு அந்த மாலையின் விளைவே.

ஒளிச் சிமிட்டலால் வலிப்பு வரும் தன்மையுடையோர் மக்களுள் மிகச் சிலரே. ஆயினும் பதின்ம வயதை ஒட்டிய பருவத்தில்தான் அது பெரிதும் வெளிப்படுகிறது. தமக்கு அத்தன்மை உண்டு என்பதே பலருக்கு முதல் வலிப்புக்குப் பின்னர்தான் தெரிய வருகிறது. கதிர்க்குழாய்க் காலத்தில் 60 ஹெர்ட்ஸைவிட 50 ஹெர்ட்ஸ் திரைகளே இத்தகையோரை அதிகம் பாதித்தன என்பதையும் மருத்துவர்கள் கண்டறிந்தனர். நம் நாட்டுத் திரைகள் இரண்டாம் வகை. எனவே பெற்றோரே, திரை சிமிட்டுகிறது, அதைப் பார்த்தால் என்னமோ போல இருக்கிறது என்று பிள்ளை சொன்னால், வீட்டுப்பாடத்திலிருந்து தப்பிக்கச் சொல்லும் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். திரையை அணைத்துவிட்டு, என்ன உணர்ந்தான் என்று விசாரியுங்கள். கை துடிப்பதோ, சில நொடிகள் நினைவு தப்புவதோ இருந்திருந்தால் மருத்துவரைப் பாருங்கள். நிழலும் கிழிசலும் காத்திருக்கும்; இது காத்திருக்காது.

சிமிட்டலுக்கு மருந்தாக வந்ததே திரவப் படிகத் திரை. இதில் கற்றை இல்லை. ஒவ்வொரு புள்ளியும் அடுத்த கட்டளை வரும்வரை தன் நிறத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. 1968-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் இத்தொழில்நுட்பத்தை உலகிற்கு அறிவித்தது. 1989-இல் வந்த நிண்டெண்டோவின் கேம் பாய் கருவியும் இத்தகைய திரையையே கொண்டிருந்தது. படிகங்கள் திரும்ப நேரம் எடுக்கும். ஆகையால் அந்தச் சிறு பச்சைத் திரையில் ஓடும் உருவம் சேறு தோய்ந்ததுபோல் தேய்ந்து தெரிந்தது. ஸ்பேஸ்வாரின் தடம் வேறு வழியில் திரும்பி வந்துவிட்டது.

தமிழ்ப்பள்ளிகளுக்குள் திரவப் படிகத் திரை பெருமளவில் நுழைந்தது 2003-இல். அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டத்திற்காக ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகளும் படவீழ்த்திகளும் வழங்கப்பட்டன. அத்திட்டத்தைப் பற்றிய என் கருத்தை இங்கே எழுதினால் கட்டுரை திசைமாறிவிடும். அசையாத படங்களுக்கும் எழுத்துகளுக்கும் அந்தத் திரைகள் போதுமானவையாக இருந்தன என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன். அதே வகைத் திரையை வீட்டில் விளையாட்டுக்குப் பயன்படுத்தியவர்களுக்குத்தான் தொல்லை.

படிகத்தை விரைவாகத் திருப்ப, தேவைக்கு மேல் மின்னழுத்தம் கொடுத்து உந்தும் முறையைக் கண்டனர். 'ஓவர்டிரைவ்' என்று திரையின் பட்டியலில் இருக்கும். அளவோடு வைத்தால் நிழல் குறையும். பெட்டியில் அச்சிட்ட 'ஒரு மில்லிநொடி' என்ற விளம்பரத்தை மெய்ப்பிக்க அதை உச்சத்தில் வைத்தாலோ, படிகம் இலக்கைத் தாண்டித் திரும்பிவிடும். அப்போது உருவத்திற்குப் பின்னால் கரிய நிழலுக்கு மாற்றாக வெளிறிய நிழல் ஓடும். உங்கள் பிள்ளை முறையிடுவது வெளிறிய நிழல் என்றால் திரை கெட்டுவிடவில்லை. அந்த அமைப்பை நடுநிலைக்கு இறக்கினால் போதும். ஒரு காசும் செலவில்லை.

படிகம் எவ்வளவு விரைந்து திரும்பினாலும் மங்கல் முழுமையாகப் போவதில்லை. காரணம் திரையில் மட்டும் இல்லை, நம் கண்ணிலும் இருக்கிறது. நொடிக்கு 960 புள்ளிகள் நகரும் ஓர் உருவத்தைக் கண் வழுவழுவெனப் பின்தொடர்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரையோ ஒவ்வொரு படத்தையும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி அசையாமல் பிடித்து வைக்கிறது. அந்த நேரத்தில் கண் 16 புள்ளி தூரம் நகர்ந்துவிடும். ஆகவே உருவத்தின் விளிம்பு 16 புள்ளி அகலத்திற்கு இழுபட்டுத் தெரியும். 120 ஹெர்ட்ஸ் என்றால் 8 புள்ளி, 240 என்றால் 4 புள்ளி. (ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு வேகம், தொலைவு, நேரம் கற்பிக்க இதைப் பயன்படுத்தலாம், வகுப்பு அன்று அமைதியாக இருக்கும்.) விளையாட்டுப் பிள்ளைகள் கூடுதல் ஹெர்ட்ஸ் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்பதை இந்தக் கணக்கு காட்டும். 60-லிருந்து 120-க்குப் போனால் 8 புள்ளி மிச்சம். 120-லிருந்து 240-க்குப் போனால் 4 புள்ளிதான் மிச்சம் என்பதையும் அதே கணக்கு காட்டும். விலை மட்டும் இப்படிப் பாதி பாதியாக ஏறுவதில்லை.

120 ஹெர்ட்ஸ் கணினித் திரைகள் 2009-இல் முப்பரிமாணக் கண்ணாடிகளுக்காக விற்பனைக்கு வந்தவை. கண்ணாடிக்கு ஏற்பப் பின்னொளியைத் துடிப்புகளாக அணைத்து ஏற்றும் வசதியும் பின்னர் வந்தது. முப்பரிமாணம் பிடிக்காத விளையாட்டுக்காரர்கள், கண்ணாடி அணியாமலே இந்த வசதியை இயக்கினால் படம் பழைய கதிர்க்குழாய் போலக் கூர்மையாகத் தெரிவதைக் கண்டுகொண்டனர். மங்கல் போயிற்று, திரை இருண்டது, சிமிட்டல் திரும்பியது. எந்தக் குறையைத் துரத்தத் திரவப் படிகம் வந்ததோ, அதையே விலைகொடுத்து வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார்கள். தலைவலி வரும் பிள்ளையின் திரையில் இந்த வசதி இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி அந்தக் கிழிசல். கதிர்க்குழாய் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக எழுதியது. குழாய் போன பின்னும் அந்த வழக்கம் போகவில்லை. இன்றைய திரையும் மேலிருந்து கீழாகவே புதுப்பிக்கப்படுகிறது. பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது கணினியின் கிராபிக்ஸ் அட்டை புதிய படத்தை நீட்டிவிட்டால், மேற்பாதியில் பழைய படமும் கீழ்ப்பாதியில் புதிய படமும் நிற்கும். இடையில் ஒரு வெட்டு. அதுதான் 'டியரிங்'. திரை எழுதி முடிக்கும்வரை அட்டை காத்திருக்க வேண்டும் என்று விதித்தால் வெட்டு மறையும், ஆனால் விசையை அழுத்தியதற்கும் திரையில் நிகழ்வதற்கும் இடையே தாமதம் கூடும். 2018 நவம்பரில் புக்கிட் ஜாலில் அக்சியாட்டா அரங்கில் நடைபெற்ற 'டோட்டா 2' கோலாலம்பூர் மேஜர் போன்ற போட்டிகளைக் கண்ட பிள்ளைகளுக்கு அந்தத் தாமதம்தான் பெரும் பகை. போட்டிக்காரர்கள் பலர் தெரிந்தே கிழிசலை ஏற்றுக்கொண்டு அந்த அமைப்பை அணைத்து வைப்பது இதனால்தான்.

2013 அக்டோபரில் என்விடியா நிறுவனம் கேள்வியைத் தலைகீழாக்கியது. அட்டை திரைக்காக ஏன் காத்திருக்க வேண்டும், திரை அட்டைக்காகக் காத்திருக்கட்டுமே என்றது. அதன் பெயர் ஜி-சிங்க். அடுத்த ஆண்டே ஏ.எம்.டி. நிறுவனம் ஃப்ரீசிங்க் என்ற பெயரில் இதே கருத்தைக் கொண்டுவந்தது. திரைத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பும் 2014-இல் இதைத் தன் தரத்தில் சேர்த்துக்கொண்டது. மின்நிலையத்தின் 50-உம் 60-உம் விதித்த தாளத்திலிருந்து திரை விடுபட்டது அப்போதுதான் என்று நான் கருதுகிறேன். இதற்கும் விலை உண்டு. படங்களுக்கிடையே இடைவெளி கூடிக் குறையும்போது இருண்ட காட்சிகளில் வெளிச்சம் துடிக்கிறது. பிள்ளை இருட்டுக் குகைக்குள் நுழையும்போது மட்டும் திரை துடிக்கிறது என்று சொன்னால், அந்த விளையாட்டுக்கு மட்டும் இந்த வசதியை அணைத்துப் பார்க்கலாம்.

பல வீடுகளில் தனியாகக் கணினித் திரை இல்லை. வரவேற்பறைத் தொலைக்காட்சியிலேயே கணினியை இணைக்கிறார்கள். அங்கே இரண்டு பழைய எச்சங்கள் காத்திருக்கின்றன. கதிர்க்குழாயின் ஓரங்கள் ஒழுங்கற்றவை என்பதால் படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரத்தை வெட்டிவிடுவது அக்கால வழக்கம். இன்றைய தட்டையான தொலைக்காட்சிகள் பலவும் அவ்வாறே செய்கின்றன. கணினியின் கீழ்ப்பட்டை பாதி மறைவது இதனால்தான். 'ஜஸ்ட் ஸ்கேன்' போன்ற பெயரில் உள்ள அமைப்பு அதைச் சரிசெய்யும். இன்னொன்று, ஒளிபரப்பில் சிக்கனத்திற்காக நிற விவரத்தைக் குறைத்து அனுப்பும் வழக்கம். முகங்களும் மரங்களும் இதனால் கெடுவதில்லை. நீலத்தின்மேல் சிவப்பு எழுத்து எழுதினால் கெட்டுவிடும். உள்ளீட்டின் பெயரைப் 'பிசி' என மாற்றினால் பல தொலைக்காட்சிகளில் எழுத்து தெளிந்துவிடும்.

எழுத்து என்று வரும்போது தமிழாசிரியர்களாகிய நமக்குத் தனி அக்கறை வேண்டும். ஆங்கில எழுத்துகளில் நேர்க்கோடுகள் மிகுதி; நம் எழுத்துகளோ சுழியும் வளைவும் புள்ளியும் கொண்டவை. சிறிய அளவில், மங்கலான திரையில், 'க'-வும் 'க்'-உம் ஒன்றாகத் தெரிந்தால் பிள்ளை பிழையாகவே வாசிப்பான். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1998-இல் அறிவித்த கிளியர்டைப் நுட்பம், ஒரு புள்ளிக்குள் சிவப்பு, பச்சை, நீலம் எனப் பக்கம் பக்கமாக நிற்கும் மூன்று கூறுகளையும் தனித்தனியே இயக்கி எழுத்தைக் கூர்மையாக்கியது. அந்த வரிசை மாறாது என்பதே அதன் அடிப்படை. 2022 முதல் விளையாட்டுக் கணினித் திரைகளாகப் பரவிய ஓலெட் திரைகளில் அந்த வரிசை மாறியிருந்தது. சிலவற்றில் கூறுகள் முக்கோணமாக நின்றன, சிலவற்றில் வெள்ளைக் கூறு ஒன்று கூடுதலாக இருந்தது. அதனால் எழுத்தின் ஓரங்களில் பச்சையும் இளஞ்சிவப்பும் கசிந்தன. விளையாட்டுக்கு இது ஒரு பொருட்டன்று. அதே திரையில் தமிழ்க் கட்டுரையும் வாசிக்கப்போகும் வீட்டில், ஒரு மில்லிநொடியைவிட இதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வாங்குமுன் கடையிலேயே ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து வாசித்துப் பாருங்கள்.

பேக்-மேனின் தழும்பை நினைவில் வைக்கச் சொன்னேன். ஓலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே தேய்வது. விளையாட்டின் ஓரத்தில் அசையாமல் நிற்கும் வரைபடமும், கணினியின் கீழ்ப்பட்டையும் நாளடைவில் பதிந்துவிடக்கூடும். நிழலுக்கும் மங்கலுக்கும் இதுவரை கிடைத்த சிறந்த மருந்து, நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய நோயைத் திரும்பக் கொண்டு வந்திருக்கிறது. கீழ்ப்பட்டையைத் தானே மறையும்படி அமைத்தால் தேய்மானம் பெரிதும் குறையும்.

இவ்வளவும் படித்தபின், நம் வீட்டுத் திரையின் குறை எங்கே இருக்கிறது என்று எப்படி அறிவது என்று கேட்பீர்கள். திரையின் பொத்தானை அழுத்தினால் அதன் சொந்தப் பட்டியல் தோன்றும். அந்தப் பட்டியலின்மீதும் கோடு ஓடினால் பழுது திரையில். பட்டியல் தெளிவாக இருந்து, பின்னால் உள்ள படத்தில் மட்டும் கோடு என்றால் கணினியிலோ கம்பியிலோ பழுது. முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள், மலிவானது அதுதான். வண்ணச் சதுரங்கள் சிதறினால் திரைப்பிடிப்பு ஒன்றை எடுத்து உங்கள் கைப்பேசிக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கும் சதுரங்கள் தெரிந்தால் கிராபிக்ஸ் அட்டையோ விளையாட்டோ காரணம். அட்டையின் விசிறியில் தூசு அடைந்து சூடேறியிருக்கவும் கூடும். (கிழிசல் மட்டும் திரைப்பிடிப்பில் அகப்படாது.) பின்னொளி சிமிட்டுகிறதா என்று ஐயமிருந்தால், வெளிச்சத்தைக் குறைத்து, வெள்ளைப் பக்கத்திற்கு முன்னால் ஒரு பென்சிலை விசிறிபோல் வேகமாக ஆட்டுங்கள். ஒரே மங்கலாகத் தெரிந்தால் நன்று; தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் அந்தத் திரை சிமிட்டுகிறது.

செத்த புள்ளிகளைப் பற்றியும் ஒரு சொல். 2001-ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. 13406-2 தரம், பெரும்பாலான திரைகளுக்குரிய இரண்டாம் வகுப்பில், பத்து லட்சம் புள்ளிகளுக்கு எப்போதும் ஒளிரும் புள்ளி இரண்டையும் எப்போதும் இருண்ட புள்ளி இரண்டையும் அனுமதித்தது. 2008-இல் வேறு தரம் அதன் இடத்திற்கு வந்தாலும், ஓரிரு புள்ளிகளைப் பழுதாகக் கருதாத வழக்கம் உற்பத்தியாளர்களிடையே நிலைத்துவிட்டது. முழு உயர்தரத் திரையில் ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள் உண்டு. எனவே லோயாட் பிளாசாவில் வாங்கினாலும் காஜாங்கில் வாங்கினாலும், பணம் செலுத்துமுன் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என முழுத்திரையையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். எத்தனை புள்ளிவரை மாற்றித் தருவார்கள் என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

புதிதாக 144 ஹெர்ட்ஸ் திரை வாங்கி வந்தும் வேறுபாடு தெரியவில்லை என்று சொல்லும் பெற்றோரும் உளர். விண்டோஸ் சில வேளைகளில் அதையும் 60-லேயே ஓட்டிக்கொண்டிருக்கும். திரை அமைப்புகளைத் திறந்து, மேம்பட்ட பகுதிக்குள் சென்று, புதுப்பிப்பு வீதம் என்ற இடத்தில் எந்த எண் இருக்கிறது என்று பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். 144 அங்கே தென்படவே இல்லையென்றால், திரையோடு பெட்டியில் வந்த கம்பியைப் போடாமல் பழைய கம்பியைச் செருகியிருக்கிறார்களா என்று மேசைக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள்.